வகுளம்மாவின் பெயரை நான் எழுதவில்லை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கட்டம் போட்ட தாளில் கதவு எண், பெயர், வயது என்று வரிசையாக நிரப்பித்தான் எனக்குப் பழக்கம். பத்தி பிரித்து எழுதியதில்லை. நாலு பேர் நடுவில் நின்று பேசவும் வராது. என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் எங்கள் ஆபீசிலேயே இருக்கிறார்கள். இந்தத் தடவை வீடு வீடாகப் போய் ஓட்டர் லிஸ்ட் எடுக்கச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், "அண்ணா, முதல் லிஸ்ட் எடுத்தவங்கள்ல மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான், ஏதாவது எழுதிக் குடுங்க" என்று விடாமல் கேட்டதால் உட்கார்ந்தேன்.

வேலை செய்யும் முறையெல்லாம் சர்க்குலரில் இருக்கிறது. அதில் இல்லாதது நான் செய்த ஒரு தப்பு. அதை மட்டும் எழுதுகிறேன். நடந்து பல வருஷங்கள் ஆகியும் இதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

1. கட்டம் போட்ட தாள்

எனக்குச் சொந்த ஊர் ஹனூர். அப்போது அது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. ஆனாலும் எங்களுக்குக் கோயமுத்தூரைவிட மைசூர்தான் பக்கம். மைசூரில் சித்தப்பா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தபோது, சுதந்திரம் வந்தபின் நடக்கப்போகும் முதல் பொதுத்தேர்தலுக்கு லிஸ்ட் எடுக்கத் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். தமிழும் கன்னடமும் எழுதத் தெரியும் என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஹெட் கிளார்க் புட்டசாமி கண்டிப்பானவர். முதல் நாள் தாளைக் கையில் கொடுத்து ஒன்றே ஒன்று சொன்னார். அடித்தல் திருத்தல் கூடாது. ஒரு வரியை அடித்தாலும் தாள் முழுவதையும் மறுபடி எழுதித் தர வேண்டும். ஒரு தாளில் நாற்பது வரி.

எனக்குக் கொடுத்தது கோட்டைக்கு மேற்கே இருந்த அக்ரஹாரத் தெருக்கள். மேலுக்கோட்டையிலிருந்து பல தலைமுறைக்கு முன்னால் வந்து தங்கிய தமிழ் வைஷ்ணவக் குடும்பங்கள். முதல் வீட்டில் ஒரு ரிட்டயரான வாத்தியார் கதவைத் திறந்தார். தன் பெயரை, அப்பா பெயரோடும் பட்டத்தோடும் நிதானமாகச் சொன்னார். மகன்கள் பெயரையும் சொன்னார். நான் அடுத்த வரிக்கு வந்தேன்.

"அம்மா பேருங்க சாமி?"

"எந்த அம்மா?"

"வீட்டு அம்மாங்க."

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "எங்காத்துப் பொம்மனாட்டி பேரைத் தெருவுல நின்னுண்டு கேக்கறயே, உனக்கு யாருடா வேலை குடுத்தா? என் பார்யைன்னு எழுதிக்கோ. அதுக்கு மேல அவளுக்கு ஒரு பேர் வேணுமோ?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்களா, அவரைப் பார்த்தா என்று தெரியவில்லை. 'மனைவி' என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அதன் பிறகு அந்தத் தெருக்களில் எந்த வீட்டிலும் நான் பெண்களின் பெயரைக் கேட்கவில்லை. இதை நன்றாகப் படியுங்கள். அவர்கள் சொல்ல மறுத்தார்கள் என்று எல்லா வீட்டைப் பற்றியும் என்னால் சொல்ல முடியாது. நான் கேட்கவே இல்லை. வீட்டு ஆண்கள் தாங்களாகவே சொன்ன இரண்டொரு பெயரை மட்டும் எழுதினேன். எனக்கு ஒரு சுலபமான வழி கிடைத்திருந்தது. ஒரு வீட்டில் இருக்கும்போதே, "அடுத்த வீட்ல யார் யாருங்க?" என்று கேட்டு அந்த வரிகளையும் நிரப்பிவிடுவேன். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இன்னாரின் அத்தை. அடுத்த வீட்டுக்குப் போய், "எல்லாம் சரிங்களா?" என்று மட்டும் கேட்பேன். ஆண்கள் எட்டிப் பார்த்து "சரி" என்பார்கள். தாள் அழகாக, அடித்தல் இல்லாமல் வந்தது. புட்டசாமி என் கையெழுத்தை மற்றவர்களுக்குக் காட்டினார்.

தெருக்கோடியில் வக்கீல் சிங்கராச்சார் வீடு. நான் போன நேரத்தில் அவர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாள் வந்தார். வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு. வக்கீலின் அக்கா, சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"லிஸ்ட் எடுக்கறயாமே. என்னையும் எழுதறதுண்டோ?"

"உண்டுங்கம்மா. இருபத்தொரு வயசு ஆன எல்லாரையும் எழுதறதுங்க."

"எனக்கு ஐம்பத்துமூணு ஆறது. வகுளம்மா. எழுதிண்டயா?"

தாளில் முப்பத்தொன்பதாம் வரியில் 'சிங்கராச்சாரின் அக்கா, வயது 50' என்று முன்னாலேயே எழுதியிருந்தேன். அதை அடித்தால் மேலே இருக்கும் முப்பத்தெட்டு வரிகளையும் மறுபடி எழுத வேண்டும்.

"எழுதிட்டனுங்கம்மா."

"என்னன்னு எழுதியிருக்கே? படி பார்க்கலாம்."

நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே, "வகுளம்மா, ஐம்பத்துமூணு" என்று படித்தேன்.

"சரியா இருக்கு" என்றார். பிறகு, "என் பேரைக் கேட்டுண்டு இந்த வாசலுக்கு ஒத்தரும் வந்ததில்லைடாப்பா. அக்கா, அத்தைன்னு கூப்பிட்டே காலம் போயிடுத்து. ரேஷன் கார்டுலகூட 'மத்தவா மூணு பேர்'னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

2. சபை

லிஸ்ட் வேலை முடிந்ததும் எங்களை அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அப்போது வக்கீல் சிங்கராச்சாரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

வடக்கே சில பெரியவர்கள் கூடி ஒரு கட்சி ஆரம்பித்திருந்தார்கள். அதன் மைசூர் கிளையை அவர் தொடங்கியிருந்தார். கட்சியின் முழுப் பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம். நாங்கள் சபை என்றே சொல்வோம். சாஸ்திரத்தில் இருக்கும் விஷயத்தைச் சர்க்கார் சட்டம் போட்டு மாற்றக்கூடாது, பசுவைக் கொல்லக்கூடாது, குடும்பச் சொத்தைத் துண்டு போடக்கூடாது, கல்யாணத்தைக் கோர்ட்டில் ரத்து செய்யக்கூடாது. இவைதான் சபையின் கொள்கைகள். முக்கியமாக, பெண்களுக்குச் சொத்துப் பங்கும் விவாகரத்தும் கொடுக்கும் மசோதாவை எதிர்ப்பது. அது டில்லியில் அப்போதைக்கு நின்றிருந்தது. தேர்தலுக்குப் பிறகு புதுப் பார்லிமெண்ட் கூடினால் திரும்பக் கொண்டுவருவார்கள் என்று பேச்சு.

மைசூரில் அந்தச் சமயம் மகாராஜாவின் ஆட்சி போய் மந்திரிகளின் ஆட்சி வந்திருந்தது. காலுக்குக் கீழே இருந்த தரை நகர்ந்துவிட்டது போல வயதானவர்கள் பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். சிங்கராச்சார் அவர்களில் நல்லவர். பொய் வழக்கு எடுக்க மாட்டார். யாரையும் அதட்டிப் பேசியதில்லை. சபை தன் வேட்பாளராக அவரையே நிறுத்தியது. "அந்தத் தெருக்கள்ல ஒவ்வொரு ஆத்தையும் உனக்குத் தெரியுமே, அதான் கூப்பிட்டேன்" என்றார். எனக்குக் கொள்கை ஒன்றும் கிடையாது. எழுத்து வேலை கிடைத்தது, சேர்ந்தேன்.

மார்க்கெட் பக்கம் ஒரு காபிப்பொடிக் கடைக்கு மேலே சபையின் அறை. வக்கீல் வீட்டிலிருந்து அவருக்கு வெள்ளி டம்ளரில் காபி வரும். நான் கீழே இறங்கி, கடைக்கார முதலியாரிடம் குடிப்பேன். முதலியாருக்குச் சபையைக் கேலி செய்யாவிட்டால் பொழுது போகாது.

சபையில் எதற்கும் நல்ல நேரம் பார்ப்பார்கள். நாமினேஷன் கொடுக்கும் கடைசி நாளில் ராகுகாலம் முடியட்டும் என்று மாடியில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசி நிமிஷத்தில் ஜட்கா வண்டியில் ஓடினோம். சின்னமாகச் சங்கு கேட்டோம். சாமி சம்பந்தப்பட்ட சின்னம் கிடையாது என்று தராசு கொடுத்தார்கள்.

"சங்கு கேட்டா தராசு குடுத்துட்டானா?" என்று முதலியார் சிரித்தார். "அது என் சின்னம்ப்பா. வக்கீல் சாமியைக் காபிப்பொடி நிறுக்கச் சொல்லு."

வக்கீலின் தைரியமெல்லாம் பெண்கள்தான். அவரே ஒரு நாள் விளக்கினார். "யோசிச்சுப் பாரு மாதப்பா. நம்ம தெருவுல ஆத்துக்கு எத்தனை புருஷா? ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. பசங்கள்லாம் பம்பாய், டில்லின்னு உத்தியோகத்துக்குப் போயாச்சு. ஆத்துல இருக்கறது யாரு? அம்மா, அத்தை, மன்னி, அக்கா. பொம்மனாட்டிகள்தான் நம்ம கோட்டை. அவா ஓட்டு ஒண்ணு பிசகாம நமக்கு வரும்."

பெண்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் நடந்தது. மண்டபத்தின் நடுவில் திரை கட்டியிருந்தோம். வக்கீல் திரையைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசினார்.

"யாராச்சும் பதில் பேசினாங்களா?" என்று முதலியார் கேட்டார்.

"இல்லீங்க. திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாங்க."

"கையாவது தட்டினாங்களா?"

"வளையல் சத்தம் கேட்டுதுங்க."

"அப்ப ஓட்டும் வளையல் சத்தமாத்தான் விழும் போ."

அதே வாரம் ஒரு மகஜர் தயாரித்தோம். 'எங்களுக்குச் சொத்தில் பங்கு வேண்டாம், எங்கள் வழக்கமே எங்களுக்குப் போதும்' என்று ஸ்திரீகள் டில்லிக்கு எழுதுவது போல. தேர்தல் முடிந்தபின் அனுப்புவதாக ஏற்பாடு. வீடு வீடாக நான் தாளைக் கொண்டுபோனேன். ஆண்கள் வாங்கி உள்ளே கொண்டுபோவார்கள். கை ரேகையோடு திரும்பி வரும். வக்கீல் வீட்டில் வகுளம்மாவே வந்து வாங்கினார். பேனாவைக் கேட்டார். ஏழாம் பக்கத்தில் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, பெயரை எழுதினார். அவருக்கு எழுதத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார். "ஓட்டுப் பெட்டி தனி ரூம்லதானே இருக்கும்? நான் எதுல போடறேன்னு யாருக்கும் தெரியாதாமே?"

"தெரியாதுங்கம்மா."

"தம்பிக்கும் தெரியாதா?"

"யாருக்கும் தெரியாதுங்க."

பேனாவை மூடி என்னிடம் நீட்டினார். "இது தம்பி சொல்லிப் போட்டது. அது நானே போடப்போறது" என்றார். "லிஸ்ட்டுல என் பேர் இருக்கோன்னோ?"

"இருக்குங்கம்மா" என்றேன். இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா என்று எழுதியிருந்தாலும் அந்த வீட்டில் வக்கீலுக்கு ஒரே அக்காதானே, ஆள் தெரியாமலா போகும் என்று நினைத்தேன்.

3. லிஸ்ட் வந்த நாள்

அச்சான லிஸ்ட் வந்ததும் நமக்கு வேண்டியவர்கள் பெயருக்கு நேரே பென்சிலால் புள்ளி வைக்கச் சொன்னார் வக்கீல். காலையில் ஆரம்பித்தேன். முதல் பக்கம் முழுக்க ஆண்கள். இரண்டாம் பக்கமும் அப்படியே. பெண்களுக்குத் தனிப் புத்தகம் போட்டிருப்பார்கள் என்று நினைத்து மேலே போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தெரு வந்ததும் பெண்கள் பெயர் வர ஆரம்பித்தது. பூக்காரிகள், கீரை விற்கிறவர்கள், ஜட்காக்காரர்களின் மனைவிமார்கள், ஒவ்வொருவரும் அவரவர் பெயரோடு. எங்கள் அக்ரஹாரத்துக்குத் திரும்பி வந்து பார்த்தேன். நாலு தெருவிலும் சேர்த்து விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அச்சாபீஸ் தப்பு என்று முடிவு செய்துகொண்டு பழைய ஆபீசுக்கு ஓடினேன். புட்டசாமி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்து மேசையில் போட்டார்.

"ஈ கை யார்து? நின்தே அல்வா?" என்றார். இது யார் கையெழுத்து, உன்னுடையதுதானே என்று கேட்டார்.

என் கையெழுத்துதான். அழகான, அடித்தல் இல்லாத என் தாள்கள். வரிக்கு வரி சிவப்பு மையால் கோடு. இன்னாரின் மனைவி, கோடு. இன்னாரின் தாயார், கோடு. ஒரு தாளில் நாற்பது வரியில் இருபத்திரண்டு கோடு இருந்தது. முப்பத்தொன்பதாம் வரியிலும் இருந்தது.

சொந்தப் பெயர் இல்லாதவர்களைச் சேர்க்கக்கூடாது என்று மேலேயிருந்து உத்தரவு வந்ததாம். பெயர் கொடுக்கச் சொல்லிப் போர்டில் நோட்டீஸ் ஒட்டினார்களாம். அந்தத் தெருக்களிலிருந்து ஒருவரும் வரவில்லையாம். "ஹெசரு கேளோக்கே நாச்சிகெயா நினகே?" என்றார். பெயர் கேட்க உனக்கு வெட்கமா என்று அர்த்தம். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன இருந்தாலும் அவர் என்மேல் இரக்கப்பட்டு, இன்னும் ஆறு நாள் இருக்கிறது, விண்ணப்பம் கொடுத்தால் பின்னிணைப்பில் சேர்ப்பார்கள், ஆனால் அந்தந்த அம்மாளே பெயர் சொல்லிக் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும் என்றார். ஒரு கட்டு படிவம் கொடுத்தார்.

அறைக்கு வந்து வக்கீலிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. லிஸ்டைத் தானே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவருடைய கோட்டையே அதில் இல்லை. என்னைத் திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"நீ ஏன் கேக்கலை?"

"பயமா இருந்ததுங்க சாமி. வெக்கமாவும் இருந்தது."

அவர் லிஸ்டை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயமில்லைடா அது, மரியாதை. பேரைக் கேக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த உத்தரவு போட்டவனுக்குத் தெரியலை."

"படிவம் இருக்குங்க சாமி. ஆறு நாள் இருக்கு. வீடு வீடாப் போனா..."

"போய்? நம்மாத்துப் பொம்மனாட்டிகள் சர்க்கார் கச்சேரிக் காகிதத்துல பேரைச் சொல்லி ரேகை வெக்கணுமா? எதுக்காக நிக்கறோம் நாம? இதெல்லாம் வேண்டாம்னுதானே நிக்கறோம்? ஓட்டுக்காக அதை விட்டா அப்புறம் ஓட்டு எதுக்கு?" பிறகு கொஞ்சம் தணிந்து, "எங்க அக்கா பேரும்தான் இல்லை. நான் வருத்தப்படறேனா? ஆத்துல யார்கிட்டயும் சொல்லிண்டிருக்காதே" என்றார்.

என் வேலைக்காலத்தில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அவர் பாராட்டியதுபோல எதுவும் என்னைத் தூக்கிவாரிப் போட்டதில்லை. நான் சோம்பலிலும் பயத்திலும் செய்ததை அவர் தர்மம் என்றார். மகஜருக்கு ரேகை வாங்கினோமே, அது மட்டும் டில்லி போகலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. உங்கள் அக்கா பெயர் சொன்னார், நான்தான் எழுதவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதையும் சொல்லவில்லை.

ஒரு படிவத்தை மட்டும் எடுத்து வகுளம்மா என்று நிரப்பி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். மூன்று நாள் அந்த வீட்டுப் பக்கம் போனேன். ஒவ்வொரு தடவையும் வக்கீல் வீட்டில் இருந்தார், அல்லது இருப்பதாக நானே நினைத்துக்கொண்டு திரும்பினேன். ஆறு நாளும் போனது. படிவம் வியர்வையில் ஊறிச் சட்டைப்பைக்குள்ளேயே கிழிந்தது.

4. பள்ளிக்கூடத்து பூத்

ஓட்டுப்பதிவு அன்று அக்ரஹாரத்தின் பள்ளிக்கூடத்தில் சபையின் ஏஜெண்டாக என்னை உட்கார வைத்தார்கள். அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. சின்னத்தைப் பெட்டிமேல் ஒட்டி, பெட்டிகளையெல்லாம் ஒரு படுதாவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். வெளியே மேசையில் ஒரு ஆபீசர் பெயர் கேட்பார், இன்னொருவர் விரலில் மை வைப்பார், சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

வக்கீல் காலையிலேயே வந்து ஓட்டுப் போட்டுவிட்டு மற்ற பூத்துகளைப் பார்க்கப் போய்விட்டார். பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. எல்லாம் மார்க்கெட் பக்கத்துப் பெண்கள். எங்கள் தெருப் பெண்களை யாரும் அழைத்து வரவில்லை.

பத்து மணி இருக்கும். அந்த வரிசையில் வெள்ளைப் புடவையைப் பார்த்தேன். தனியாக வந்திருந்தார். குளித்து, ஈரம் காயாத மடிப்புடவையில், கூடைக்காரிகள் மேலே பட்டாலும் பரவாயில்லை என்று அவர்களுக்கு நடுவில் நின்றிருந்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஏஜெண்ட் எழுந்து போனால் பூத்தில் சபைக்கு ஆளில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

மேசைக்கு வந்தார்.

"ஹெசரு?" என்றார் ஆபீசர்.

"வகுளம்மா."

அந்த அறை முழுக்க ஆண்கள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஆபீசர் லிஸ்டில் விரலை ஓட்டினார். திரும்ப மேலிருந்து ஓட்டினார். இல்லை என்றார். "ஏஜெண்டே, நீவு நோடி" என்று லிஸ்டை என்னிடம் தள்ளினார். இல்லையென்று தெரிந்தும் நானும் விரலை ஓட்டினேன்.

"ஏன் தேடறே மாதப்பா?" என்றார் வகுளம்மா. "நீதானே எழுதினே. எனக்குப் படிச்சுக் காமிச்சயே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லிஸ்டிலிருந்து விரலை எடுத்தேன்.

"நான் எழுதலீங்கம்மா."

"என்ன?"

"நீங்க சொன்னீங்க. நான் எழுதலை. வக்கீலோட அக்கான்னு எழுதி வெச்சிருந்தேன். பேர் இல்லாததால கோடு போட்டுட்டாங்க."

"அன்னிக்குப் படிச்சயே, அது?"

"பொய்ங்கம்மா."

எதிர்க்கட்சி ஏஜெண்ட் ஒருவன், "சபைக்காரன் ஓட்டைச் சபைக்காரனே அடிச்சுட்டான்யா!" என்று சிரித்தான். பிறகு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். அவர் அழவில்லை. கோபமும் தெரியவில்லை. திடீரென்று யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல ஒரு முகம். படுதாவை ஒரு தடவை பார்த்தார்.

"எதாவது பண்ண முடியுமோ?" என்று ஆபீசரைக் கேட்டார்.

"ஆகோதில்லம்மா" என்றார் அவர். முடியாது.

"சரி. வரிசையை நிறுத்த வேண்டாம். பின்னால நிக்கறா" என்று ஒதுங்கி வெளியே போனார்.

அடுத்தவள் ஒரு பூக்காரி. "ஹெசரு?" "கெம்பம்மா!" என்று கத்தினாள். உடனே கிடைத்தது. மை வைத்துக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் போனாள்.

மத்தியானம் இன்னொருவரை உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தேன். வகுளம்மா பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் நின்றிருந்தார். போகவே இல்லை.

"தம்பிக்கு இது தெரியுமா?"

"தெரியுங்கம்மா. லிஸ்ட் வந்த அன்னிக்கே சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"பேர் கேக்காததுதான் மரியாதைன்னார். படிவம் குடுக்க வேண்டாம்னுட்டார்."

"நான் என் பேரைச் சொன்னேன்னு அவன்கிட்ட சொன்னயா?"

"இல்லீங்க."

மரத்தில் கை வைத்துக்கொண்டார். "ஒத்தன் பொய் சொன்னான். ஒத்தன் சொல்லவே இல்லை. நான் காலங்காத்தால எழுந்து மடி உடுத்திண்டு வந்திருக்கேன்" என்றார். எனக்கு இன்னும் அந்தக் குரல் கேட்கிறது. பிறகு, "மகஜர் போயிடுத்தா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அலமாரியில இருக்கு. நாளைக்குக் கட்டி அனுப்பணும்."

"அதுல என் பேரை அடிச்சுடு."

"அம்மா, அது ஒண்ணுலதானே உங்க பேரு எழுதியிருக்கு..."

"அதனாலதான் சொல்றேன்."

வெயிலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் நடந்து போனார். யாருக்கு ஓட்டுப் போட நினைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

5. பிறகு

பெட்டிகளை எண்ணியபோது தராசுப் பெட்டி சீக்கிரமே முடிந்துவிட்டது. வக்கீல் தோற்றார். எங்கள் சொந்தத் தெரு பூத்திலேயே தோற்றார். அடுத்த தேர்தலுக்குச் சபை மைசூரில் ஆள் நிறுத்தவில்லை. போர்டு கொஞ்ச நாள் மாடியில் தொங்கியது. பிறகு முதலியார் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் காபிப்பொடி விலையை எழுதிக்கொண்டார். அந்த மசோதாவும் துண்டு துண்டாகச் சட்டமாயிற்று. சபை ஏன் வளரவில்லை என்று படித்தவர்கள் பல காரணம் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் தெரியும். யாரைத் தன் பலம் என்று சொன்னதோ அவர்களுடைய பெயரை வெளியே சொல்லச் சபைக்குச் சம்மதம் இல்லை. கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டும் சேர்ந்தபோது கோடு போடுகிறவனுக்கு வேலை சுலபமாகிவிட்டது.

புட்டசாமி என்னை மறுபடி வேலையில் எடுத்துக்கொண்டார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த லிஸ்ட் எடுக்க அதே தெருக்களை நானே கேட்டு வாங்கினேன். முதலில் போனது வக்கீல் வீடு. அதற்குள் வகுளம்மா காலமாகியிருந்தார்.

நீங்கள் கேட்டதற்காகப் பாடம் என்று ஒன்று எழுத வேண்டுமானால் இதுதான். பக்கத்து வீட்டில் கேட்டு வரியை நிரப்பாதீர்கள். வீட்டு ஆளிடமே பெயரைக் கேளுங்கள். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு கேளுங்கள், நான் இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறேன். சொன்ன பெயரை அவர் கண் முன்னாலேயே எழுதி, எழுதியதையே படித்துக் காட்டுங்கள். தாளில் அடித்தல் வந்தால் வரட்டும். நாற்பது வரி எழுத முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நான் பிறகு எழுதிப் பார்த்தேன்.

ஓட்டுப்பதிவுக்கு மறுநாள் காலை சபை அறையைத் திறந்து, மகஜரின் ஏழாம் பக்கத்தில் வகுளம்மா என்ற பெயரின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். பதினொரு மணிக்கு வக்கீல் வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்டார். அக்கா அடிக்கச் சொன்னார், நான்தான் அடித்தேன் என்றேன். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்துவிட்டுப் போனேன்.